காந்தமில்லாத காயில்

நெய்வேலியில் எதுவும் பழுதாகலாம். ஆனால் அறிக்கை இல்லாமல் பழுதாகக் கூடாது. சுரங்கத்தில் கன்வேயர் நின்றால் எத்தனை மணிக்கு நின்றது, எதனால் நின்றது, நின்றபோது பக்கத்தில் யார் நின்றார்கள் என்று எழுதியாக வேண்டும். இந்த ஒழுக்கம் ஓய்வுபெற்ற பிறகும் மனிதர்களை விடுவதில்லை. ஆகவே மாதா கோயில் பாடகர் குழுவில் நான்சியின் எலெக்ட்ரிக் கிடார் ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசையின் நடுவே 'உம்ம்ம்' என்று இரைய ஆரம்பித்தபோது, பங்குப் பேரவைச் செயலாளர் ஜான் சார் முகம் சுளிக்கவில்லை. கமிட்டி போட்டார்.

நான்சிக்கு வயது நாற்பத்தைந்து. அப்பா இன்னாசிமுத்து சுரங்கத்தில் ஃபிட்டர், பெர்மனெண்ட். அவர் ரிட்டயர் ஆனதும் பதினெட்டாவது பிளாக் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டுக் குடும்பம் வடக்குத்துக்கு வந்தது. நான்சி ஐ.டி.ஐ.யில் எலெக்ட்ரீஷியன் படித்தாள், ஒரு வருடம் அப்ரண்டிஸாக இருந்தாள், பெர்மனெண்ட் ஆணை வரும் என்று சில வருடங்கள் காத்திருந்தாள். காத்திருப்பதற்கும் ஒரு வயது வரம்பு உண்டு என்று தெரிந்த அன்று, வடலூர் சாலையில் வைத்திலிங்கத்தின் மோட்டார் காயில் கட்டும் பட்டறையில் சேர்ந்தாள். இருபத்திரண்டு வருடங்களாக அங்கே எரிந்துபோன மோட்டார்களின் வயிற்றைக் கீறி, கருகிய கம்பியை உருவி, புதுக் கம்பி சுற்றிக்கொண்டிருக்கிறாள். கடலூர் மாவட்டத்தின் பாதி போர்வெல் அவள் கை பட்டுத்தான் தண்ணீர் இறைக்கிறது. இதற்கு யாரும் பொன்னாடை போர்த்தியதில்லை. போர்த்த வேண்டும் என்று அவளுக்கும் தோன்றியதில்லை.

கிடார் வேறு விஷயம். பண்ருட்டியில் ஒரு மெல்லிசைக் குழு கலைந்தபோது ரெஜின் அதை வாங்கி வந்து, அப்போது இன்னும் மனைவியாகியிராத நான்சியிடம் கொடுத்தான். ரெஜின் தண்ணீர் லாரி ஓட்டுகிறவன். தன் வாழ்க்கையில் எடுத்த ஒரே சரியான முடிவு அதுதான் என்று இன்றைக்கும் சொல்வான். "அப்ப என்னைக் கட்டிக்கினது?" என்று நான்சி கேட்டால், லாரிக்குத் தண்ணீர் பிடிக்க நேரமாகிவிட்டது என்று எழுந்து போய்விடுவான்.

அந்தக் கிடாருக்கு ஒரு குரல் இருந்தது. வெண்கலப் பாத்திரத்தின் விளிம்பில் கரண்டி பட்டதுபோல் தொடங்கி, வெல்லப்பாகு இறங்குவதுபோல் முடியும். காணிக்கைப் பாட்டுக்கு முன்னால் நான்சி நான்கு சுரம் வாசித்தால், பின்வரிசையில் கைபேசி பார்ப்பவர்கள்கூட ஒரு கணம் தலை நிமிர்வார்கள். அந்தக் குரல் எங்கிருந்து வருகிறது என்பதில் பங்கு மக்களிடையே பல கட்சிகள் இருந்தன. மரத்திலிருந்து என்றது ஒரு கட்சி. பண்ருட்டிப் பக்கம் தலைமுறை தலைமுறையாகப் பலா வைத்திருக்கும் அந்தக் கட்சிக்காரர், உடம்பை மட்டும் பலா மரத்தில் செய்து மாட்டினால் கிடார் வீணையாகவே பேசும் என்று உறுதி கூறினார். தந்தியில் இருக்கிறது என்றார் வேறொருவர். விரலில் இருக்கிறது என்றார் ஃபாதர். அவருக்கு எல்லாரையும் அனுசரித்துப் போக வேண்டும். மோட்டாருக்குள் செருகும் ஃபைபர் ஷீட்டை முக்கோணமாக வெட்டி அவள் தந்தி தட்டுவதை யாரும் கவனிக்கவில்லை. அது தடிமனாக இருந்தால் ஒரு குரல், மெல்லியதாக இருந்தால் வேறு குரல். எல்லாவற்றுக்கும் மேலாக, தந்திகளின் கீழே, வெள்ளை மூடிக்குள், ஆறு சின்னக் காந்தங்களைச் சுற்றித் தலைமுடியைவிட மெல்லிய கம்பி பல ஆயிரம் சுற்று சுற்றி வைத்திருக்கிறது. மேலே தந்தி ஆடினால் அந்தக் காயிலில் துளி மின்சாரம் பிறக்கிறது. அதைத்தான் ஒலிபெருக்கி பாட்டாக ஊதிக் கொடுக்கிறது. பிறந்த ஊரே மின்சாரம் செய்கிற ஊர் என்பதால் நான்சிக்கு இதில் பெரிய வியப்பு ஏதும் இல்லை.

இரைச்சல் தொடங்கியது ஈஸ்டர் முடிந்து. ஜான் சார் முன்பு சுரங்கத்தில் ஷிப்ட் இன்சார்ஜ். மூன்று பேர் கமிட்டி அமைத்து, படிவம் அடித்து, சனிக்கிழமைகளில் ஆய்வு நடத்தினார். முதல் சனிக்கிழமை ஒயர் மாற்றப்பட்டது. இரைந்தது. இரண்டாவது சனிக்கிழமை ஒலிபெருக்கி மாற்றப்பட்டது. இரைந்தது. மூன்றாவது சனிக்கிழமை, கோயிலின் எர்த் குழி காய்ந்து கிடக்கிறது என்று கண்டுபிடித்து, இரண்டு மூட்டை உப்பும் பன்னிரண்டு வாளித் தண்ணீரும் ஊற்றினார்கள். குழி நிறைந்தது. கிடார் முன்னைவிடத் தெளிவாக இரைந்தது.

இதற்கிடையில் நான்சியே ஒன்றைக் கண்டுபிடித்திருந்தாள். உடம்பைக் கொஞ்சம் பக்கவாட்டில் திருப்பி உட்கார்ந்தால் இரைச்சல் பாதியாகக் குறைந்தது. ஆகவே மூன்று ஞாயிறுகள் சுவரைப் பார்த்து உட்கார்ந்து வாசித்தாள். தெருக் குடும்பங்கள் கூடிச் செபிக்கும் அன்பியக் கூட்டத்தில் பேச்சு எழுந்தது.

"அந்தப் பொண்ணு இன்னாத்துக்குக் கோச்சிக்கினு உக்காந்திருக்குது? பீடத்துக்கு முதுக காட்டிக்கினு!"

நான்காவது சனிக்கிழமை ஜான் சார் அவளை அழைத்தார். படிவங்கள் ஒரு கோப்பில் இருந்தன. கோப்புக்கு எண் இருந்தது.

"நான்சி, தப்பா எடுத்துக்காதம்மா. எல்லாத்தையும் செக் பண்ணியாச்சு. மிச்சம் இருக்கிறது உன் கிடார்தான். மாதா திருவிழாவுக்குள்ள சரி பண்ணு. கொடியேத்தத்துக்கு முன்னால ஞாயித்துக்கிழமை ட்ரையல். அன்னிக்கும் எரைஞ்சா, நம்ம ஜெப்ரின் பையன் கீபோர்டுலயே கிடார் சத்தம் இருக்காம். ஒரு பட்டன்தான்."

"பட்டன்ல இருக்கிறது கிடார் இல்லீங்க சார்."

"சத்தம் வருதில்லம்மா?"

நான்சி வெளியே வந்தாள். பட்டறையில் அவளை 'ஏம்மா' என்பார்கள். தெருவில் தண்ணி லாரிக்காரர் சம்சாரம். ஞாயிறு காலை எட்டரை மணி பூசையில் மட்டும்தான் அவள் நான்சியாக இருந்தாள். அதுவும் ஒரு பட்டனுக்குப் போகப்போகிறது.

செவ்வாய்க்கிழமை மாலை ஒத்திகைக்கு அவள் முன்னதாகவே வந்துவிட்டாள். கோயில் வேலைகளைக் கவனிக்கும் கோயில்பிள்ளை பெருக்கிக்கொண்டிருந்தார். கிடாரைச் செருகினாள், இரைந்தது. கோயில்பிள்ளை பெருக்குவதற்காக மாதா சுரூபத்தைச் சுற்றியிருந்த விளக்கு வளையத்தின் சுவிட்சை நிறுத்தினார். இரைச்சல் அப்படியே அடங்கியது.

நான்சி எழுந்து போய் சுவிட்சைப் போட்டாள். இரைந்தது. நிறுத்தினாள். அமைதி. மூன்று தடவை.

சுரூபத்தின் பீடத்துக்குக் கீழே, பாடகர்கள் உட்காரும் இடத்திலிருந்து மூன்றே அடியில், விளக்குகளுக்கான டிரான்ஸ்பார்மர் பெட்டி இருந்தது. கனமான பழைய பெட்டி. அதற்கு மேலே சின்னக் கல்வெட்டு: தனபாக்கியம் ஜான் நினைவாக, குடும்பத்தார். ஜான் சாருடைய மனைவி, கிறிஸ்துமஸுக்கு முன் இறந்துபோனவர். ஈஸ்டருக்குத்தான் அந்த வளையம் மாட்டப்பட்டது. தினமும் பூசை முடிந்து எல்லாரும் போன பிறகு, ஜான் சார் அதன் கீழே போய்க் கொஞ்ச நேரம் நிற்பார். கோயில் வளாகத்தில் அவர் கையில் பேனா இல்லாமல் நின்றது அந்த இடத்தில் மட்டும்தான்.

"சொல்லிடு," என்றான் ரெஜின் வீட்டில். "உன் கிடார் மேல தப்பே இல்லன்னு தெரிஞ்சு போச்சுல்ல? சொல்லிடு."

"இன்னான்னு சொல்றது? உங்க சம்சாரம் லைட்டுதான் எரையுதுன்னா?"

"அப்டித்தான்."

"நீ வந்து சொல்றியா?"

ரெஜின் லாரிக்குத் தண்ணீர் பிடிக்கப் போனான்.

நான்சி சொல்லாமல் இருந்ததற்குக் காரணம் பெருந்தன்மை என்று முழுமையாகச் சொல்லிவிட முடியாது. ஓய்வுபெற்ற ஷிப்ட் இன்சார்ஜிடம் அவர் பொருத்திய கருவியில் பழுது என்று நிரூபிக்க இன்னும் மூன்று கமிட்டி வேண்டியிருக்கும். திருவிழாவோ ஐந்து வாரத்தில். பெட்டியை நகர்த்தவும் வழியில்லை, கல்வெட்டோடு சேர்த்து சிமெண்ட் போட்டிருந்தார்கள். ஆனாலும் சுவிட்சை மூன்றாவது தடவை போட்டபோது, வளையம் எரிந்து மாதாவின் முகம் வெளிச்சமானதை அவள் பார்த்திருந்தாள். அதை மனிதர் தினமும் வந்து பார்க்கிறார். அந்தப் பெட்டியை நிறுத்தச் சொல்ல அவளுக்கு நா எழவில்லை என்பதும் உண்மை.

மிச்சம் இருந்தது கிடார்தான். ஜான் சார் சொன்னது இந்த விதத்தில் சரியாகப் போயிற்று.

இரைச்சலைக் காயில் ஏன் பிடிக்கிறது என்று அவளுக்குத் தெரியும். சுற்றுப்புறத்தில் கரண்ட் ஓடும் எதையும் காயில் கேட்கும். அதன் குணம் அது. அதே அளவில் இன்னொரு காயில் சுற்றி, எதிர்த்திசையில் இணைத்தால், இரண்டும் பிடிக்கிற இரைச்சல் ஒன்றையொன்று அடித்துவிடும். ஆனால் முதலில் பழைய காயிலின் அளவு வேண்டும். ஒரு வெள்ளிக்கிழமை மதியம், கிடாரைப் பட்டறைக்குக் கொண்டுபோய், காயிலைக் கழற்றி, மீட்டர் வைத்துப் பார்த்துக் குறித்துக்கொண்டாள்.

இங்கேதான் இருபத்திரண்டு வருட அனுபவம் அவள் காலை வாரிவிட்டது. அந்தப் பட்டறையில் திறந்த காயில் எதுவும் வார்னிஷ் குடிக்காமல், அடுப்பில் வேகாமல் மூடப்பட்டதில்லை. அன்றைக்கு நான்கு போர்வெல் மோட்டார் வார்னிஷ் தொட்டியிலிருந்து எடுத்து அடுப்புக்குப் போயின. அவற்றோடு, கை தன்பாட்டில் செய்கிற வேலையாக, நான்சி கிடாரின் காயிலையும் முக்கி எடுத்து உள்ளே வைத்தாள்.

அடுப்பைத் திறந்தது சரிதா. சரிதா அவளுடன் எட்டு வருடமாகக் காயில் கட்டுகிறவள். நாக்கில் வார்னிஷ் பூசாதவள்.

"அக்கா, உள்ள யாரோ அப்பளம் சுட்டு வச்சிருக்காங்க."

காயிலைத் தாங்கியிருந்த பிளாஸ்டிக் உருகிச் சுருண்டிருந்தது. கம்பியின் பூச்சு கரைந்து சுற்றும் சுற்றும் ஒட்டியிருந்தது. காந்தங்கள் மட்டும் ஆறு பல் மாதிரி துருத்திக்கொண்டிருந்தன. அப்படியே இணைத்துத் தட்டிப் பார்த்தாள். வந்தது குரல் அல்ல. குரல் செத்த இடத்தின் எலும்பு.

"மோட்டாருக்குத்தானக்கா வார்னிஷ்? இது இன்னா கெணத்துக்குள்ளயா எறங்கப் போவுது?"

"கைப் பழக்கம்டி," என்றாள் நான்சி. பெஞ்சில் உட்கார்ந்தாள். இருபது வருடக் குரலைத் தன் கையாலேயே வேகவைத்திருக்கிறாள். சரிதா தேநீர் வாங்கி வந்து, பக்கத்தில் வைத்து, முதல் தடவையாகக் கிண்டல் எதுவும் செய்யாமல் போனாள். அதுதான் நான்சிக்கு அதிகம் வலித்தது.

மறுநாளிலிருந்து சாப்பாட்டு இடைவேளைகளில் வேலை தொடங்கியது. அத்தனை மெல்லிய கம்பி பட்டறையில் கிடையாது. பழைய இரும்புக் குவியலில் கிடந்த கண்ட்ரோல் பேனல் ரிலேக்களை உடைத்து, அவற்றின் சின்னக் காயில்களிலிருந்து உருவினாள். ஃபைபர் ஷீட்டில் புதுக் கூடு வெட்டினாள். சுற்று எண்ணும் கைமெஷினில் மாட்டிச் சுற்ற ஆரம்பித்தாள். நான்காயிரத்து முந்நூற்றுப் பத்தில் கம்பி அறுந்தது. மறுபடி. இரண்டாயிரத்து எழுநூறில் அறுந்தது. வைத்திலிங்கம் வாசலில் வந்து நின்று பார்த்தார்.

"இன்னாம்மா, ஈ எறும்புக்கு மோட்டார் கட்டிக்கினு இருக்கிறியா?"

"கிடாருக்குங்க மொதலாளி."

"ஓடிச்சின்னா சொல்லு. போர்டுல சேத்து எழுதிடலாம்: கிடாரும் கட்டித் தரப்படும்."

மீட்டரில் குறித்த அளவு இந்த வேறு கம்பிக்குப் பொருந்தாததால், முழுதாய் வந்த முதல் காயிலுக்கு அவள் உத்தேசமாக ஒன்பதாயிரம் சுற்று கொடுத்தாள். மோட்டார்க்காரி புத்தி, சுற்று கூடினால் பலம் கூடும். பலம் கூடத்தான் செய்தது. ஆனால் போர்வைக்குள்ளிருந்து பேசுகிற மனிதன்போலக் கிடார் கனமாக முனகியது. வெண்கல விளிம்பு காணாமல் போயிருந்தது. ஐந்நூறு சுற்று பிரித்தாள். போர்வை கொஞ்சம் விலகியது. இன்னும் ஐந்நூறு. பிரித்துப் பிரித்து ஆறாயிரத்துக்கு வந்தபோது, குரல் தகரத்தில் ஆணி கீறுவதுபோல் ஆயிற்று. மறுபடி சுற்றி, ஏழாயிரத்து அறுநூறில் நிறுத்தினாள். பழைய குரல் அல்ல. பழைய குரலுக்குச் சொந்தத் தங்கை என்று சொல்லலாம்.

கம்பி ஆடாமல் இருக்க இதற்கு வார்னிஷ் ஆகாது, மெழுகுதான் என்று கைபேசியில் யாரோ ஒரு வெள்ளைக்காரர் செய்து காட்டியிருந்தார். மெழுகுக்கு எங்கே போவது என்று அவள் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. கோயில்பிள்ளையிடம் கேட்டாள்.

"எரிஞ்ச மெழுகுவத்தித் துண்டா? எதுக்கும்மா?"

"கிடாருக்கு ஊத்தணும்ணே."

கோயில்பிள்ளை மெழுகுவத்தித் தட்டைக் கவிழ்த்தார். ஒரு பிளாஸ்டிக் பையில் அள்ளிக் கொடுத்தார். ஊரார் எதற்கெதற்கோ வேண்டி ஏற்றிய மெழுகுவத்திகளின் அடிக்கட்டைகள், வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்த டம்ளரில் உருகி, கிடாரின் காயிலுக்குள் இறங்கின.

பிறகு இரண்டாவது காயில். அதே ஏழாயிரத்து அறுநூறு சுற்று. நடுவில் காந்தம் மட்டும் கிடையாது.

"காந்தம் இல்லாம அது எதுக்குக்கா?" என்றாள் சரிதா.

"காந்தம் இருந்தாத்தான் தந்தி ஆடுறது அதுக்குக் கேக்கும். இதுக்குப் பாட்டே கேக்காது. எரைச்சல் மட்டும் கேக்கும். அத எதிர்ப்பக்கமா கொண்டாந்து விட்டா, அதுவும் இதுவும் அடிச்சிக்கினு போயிடும்."

சரிதா கொஞ்ச நேரம் அந்தக் காயிலை உருட்டிப் பார்த்தாள். "பாட்டு கேக்காது, எரைச்சல் மட்டும் கேக்கும். உங்க கோயில் கமிட்டில இத்த நாலாவது மெம்பரா சேத்துடுங்க."

ட்ரையல் ஞாயிறு. இரண்டாவது பூசை முடிந்து கூட்டம் கலைந்திருந்தது. ஜான் சாரும் மற்ற இரண்டு உறுப்பினர்களும் முன்வரிசையில் அமர்ந்தார்கள். ஜான் சாரின் கைபேசியில் சத்தத்தை அளக்கும் செயலி ஒன்று திறந்திருந்தது. ஜெப்ரின் தன் கீபோர்டோடு ஓரமாக, யாருக்குப் பதிலாகவோ தன்னைக் கொண்டுவந்து நிறுத்தியிருப்பதை அறிந்த முகத்தோடு நின்றான். மாதாவைச் சுற்றி விளக்கு வளையம் எரிந்துகொண்டிருந்தது. நான்சி சுவரைப் பார்க்காமல், பீடத்தைப் பார்த்து உட்கார்ந்து, ஒலிபெருக்கியைத் திருகினாள். முழுதாகத் திருகினாள்.

மின்விசிறி சுற்றுவது கேட்டது. வெளியே யாரோ ஸ்கூட்டரை உதைப்பது கேட்டது.

"கிடார் ஆன்ல இருக்காம்மா?" என்றார் ஜான் சார்.

நான்சி ஒரு தந்தியைத் தட்டினாள். உறுப்பினர்களில் ஒருவர் திடுக்கிட்டு மூக்குக்கண்ணாடியைப் பிடித்துக்கொண்டார். அவள் சத்தத்தைக் குறைத்துக் காணிக்கைப் பாட்டின் நான்கு சுரங்களை வாசித்தாள். சுரம் முடிந்த பிறகும், முடிந்ததென்று தெரிய ஒரு கணம் ஆயிற்று. இரைச்சல் இருந்த நாட்களில் அந்தக் கணம் இருந்ததில்லை.

"இன்னொரு தடவ," என்றார் ஜான் சார். செயலியைப் பார்க்காமல் சொன்னார்.

அவள் வாசித்தாள். ஜெப்ரின் யாரும் சொல்லாமலே கீபோர்டின் ஒயரைச் சுருட்ட ஆரம்பித்தான். உறுப்பினர்கள் இருவரும் திருப்தி என்று சொல்லிவிட்டு, வீட்டில் கறி வேகிற நினைவில் கிளம்பிப் போனார்கள். ஜான் சார் படிவத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, பழுதுக்கான காரணம் என்ற கட்டத்தில் பேனாவை வைத்தார்.

"காரணம் இன்னான்னு எழுதட்டும்?"

"காயில் சார். சுத்தி மாத்திட்டேன்."

பேனா எழுதவில்லை. அவர் படிவத்தைப் பார்த்தபடியே, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"தனம் லைட்டால இல்லையேம்மா?"

நான்சி கிடாரின் ஒயரைக் கழற்றினாள்.

"எனக்கு ஒரு சந்தேகம் இருந்துக்கிட்டே இருந்துச்சு," என்றார் ஜான் சார். "அத மாட்டினதுக்கப்புறம்தான ஆரம்பிச்சுது. ஒரு தடவ சுவிட்ச நிறுத்திப் பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும். முப்பத்தாறு வருஷம் அதான் வேல எனக்கு, எதையும் நிறுத்திப் பாக்குறது. இத நிறுத்திப் பாக்கக் கை போகல. அதனாலதான் ஒயரு, எர்த்து, உன் கிடாருன்னு..."

மாதாவின் முகம் வளைய வெளிச்சத்தில் வெளுத்துத் தெரிந்தது. ஆண்டவரே இருப்பதாக நம்பும் நற்கருணைப் பேழைக்கு நேர் எதிரே உட்கார்ந்துகொண்டு, நான்சி சொன்னாள்:

"அது இல்லீங்க சார். காயில்தான்."

அவர் அவளை ஒரு நொடி பார்த்தார். முப்பத்தாறு வருடம் பிரேக்டவுன் அறிக்கை வாங்கிய மனிதர். எந்த வாக்குமூலம் எப்படிப்பட்டது என்று அவருக்குத் தெரியாமல் இருக்காது. 'கிடார் காயில் கோளாறு. சரிசெய்யப்பட்டது' என்று நிதானமாக, அழகான கையெழுத்தில் எழுதினார். படிவத்தை அவளிடம் நீட்டினார். நான்சி கையெழுத்திட்டாள். கோப்பு மூடப்பட்டது. கிடார்தான் குற்றவாளி என்று அந்தக் கோயிலின் ஆவணங்களில் என்றைக்கும் இருக்கும்.

அந்த வாரம் திருவிழாவுக்கான பாவசங்கீர்த்தன வரிசையில் நிற்கையில் அவள் தன் பாவங்களை ஒழுங்குபடுத்திப் பார்த்தாள். ரெஜினைத் திட்டியது. இரண்டு ஞாயிறு ஜெப்ரினின் கீபோர்டு கெட்டுப்போகட்டும் என்று நினைத்தது. பிறகு இது. காயிலில் கோளாறு இருந்தது உண்மைதான், அவளே சுட்டுக் கருக்கியது. அந்த மட்டில் பொய் இல்லை. மிச்சம் இருந்த 'அது இல்லீங்க சார்' என்ற மூன்று சொல் பொய்தான், சந்தேகமே இல்லை. அதற்கு மனம் வருந்த வேண்டும், இனிச் செய்ய மாட்டேன் என்று உறுதி கொள்ள வேண்டும். வரிசை நகர நகர, வருத்தம் வருகிறதா என்று நேர்மையாகத் தேடிப் பார்த்தாள். வரவில்லை. வராததைச் சொல்லி ஃபாதரின் நேரத்தை வீணாக்குவது முறையல்ல என்று தீர்மானித்து, முதல் இரண்டை மட்டும் சொல்லிவிட்டு எழுந்தாள்.

கொடியேற்றத்தன்று மாலை கோயில் நிரம்பி வழிந்தது. கொடி மேலே ஏறுகையில் மாதா பாட்டை அவள்தான் தொடங்க வேண்டும். கூட்டம் அடங்கியது. விளக்கு வளையத்தின் அடியில் ஜான் சார், கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். நான்சி முதல் சுரத்தைத் தட்டினாள்.

இரண்டாவது காயில் குறுக்கே இருப்பதால், உச்சியில் இருந்த வெண்கலம் ஒரு துளி மழுங்கித்தான் கேட்டது. வேறு யாருக்கும் அது தெரியாது. அவளுக்குத் தெரிந்தது. இருக்கட்டும் என்று அடுத்த சுரத்துக்குப் போனாள்.